மாணவர் பதிவேடு மின்னேட்டுத் தொகுதியான வரலாறு

கல்லூரி மாணவர் தாம் எழுதிய கட்டுரைகள், ஆய்வகக் குறிப்புகள், மேடையுரையின் ஒளிப்பதிவுகள், அவற்றைப் பற்றித் தாமே எழுதிய மதிப்புரைகள் ஆகியவற்றை இணையத்தில் ஓரிடத்தே தொகுத்து வைத்து, அத் தொகுப்பினைத் தம் நெறியுரைஞரிடம் காட்டி, மேற்கொண்டு எதனைக் கற்பது, எதனை விடுப்பது என்று கலந்து முடிவு செய்யும் முறை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளில் கால் நூற்றாண்டாக வழங்கி வருகின்றது. இத் தொகுப்பினை ‘எலெக்ட்ரானிக் போர்ட்ஃபோலியோ’ என்பர். கணினி வந்தமையால் இது வந்தது என்பதே பலரும் கூறும் வரலாறு. அவ் வரலாறு பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. கணினிக்கு முன்னரும் மாணவரைப் பற்றிய பதிவேடு இருந்தது. அதனைக் கையில் வைத்துக்கொண்டே நெறியுரையும் நடந்தது. பின் மாறியது யாது எனின், பதிவேட்டினை எழுதும் கை மாறியது என்பதே இக் கட்டுரையின் துணிபு. அக் கை இன்று மீண்டும் மாறி வருகின்றது என்பதனையும் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ‘போர்ட்ஃபோலியோ’ என்பது இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். சுமத்தல் என்னும் பொருளுடைய வினையும் இலை அல்லது தாள் என்னும் பொருளுடைய பெயரும் சேர்ந்து அமைந்தது அது. தனித் தாள்களை இட்டு எடுத்துச் செல்லும் பை என்பதே அதன் பழம்பொருள். ஓவியரும் கட்டடக் கலைஞரும் தம் வரைவுகளை அத்தகைய பையில் இட்டுப் புரவலரிடம் கொண்டு சென்றனர். இலையே தாளுமாகிய இப் பொருள்வளர்ச்சி தமிழர்க்குப் புதிதன்று; பனையோலையின் இதழைக் குறித்த ‘ஏடு’ என்னும் சொல்லே நமக்கு நூலையும் குறித்தது. ஆதலின் இக் கட்டுரையில் ‘மின்னேட்டுத் தொகுதி’ என்னும் தொடரை ஆள்கின்றோம். ‘மின்கோப்பு’ எனலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார். கோப்பு என்பது அலுவலகம் நம்மைப் பற்றி வைத்திருப்பது. நாம் நம் கையால் சேர்ப்பதன்று. இவ் வேறுபாடே ஈண்டு ஆராயப்படும் பொருளாதலின் அச் சொல்லை விலக்க நேர்ந்தது.

கல்விநெறியுரை எக்காலத்து, எதன்பொருட்டுத் தோன்றியது என்பதை அறிந்தாலன்றிப் பதிவேட்டின் தேவை விளங்காது. அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில் மாணவர் அனைவரும் ஒரே பாடத்தையே பயின்றனர். இலத்தீன், கிரேக்கம், கணிதம், இறுதியாண்டில் அறவியல் என வகுக்கப்பட்ட வழி ஒன்றே. வழி ஒன்றே ஆயின் வழி கேட்பாரும் இல்லை, சொல்வாரும் வேண்டியதில்லை. ஓகையோ மாநிலத்துக் கென்யன் கல்லூரியில் 1841-ஆம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஆசிரியருள் ஒருவரைத் தம் அறிவுரையாளராகத் தேர்ந்துகொள்ளல் வேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. பின்னாளில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரான ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் அப்போது அங்கே மாணவர். இச் செய்தியைத் தம் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். நெறியுரை வரலாற்றை எழுதுவோர் பலரும் இக் கடிதத்திலிருந்தே தொடங்குவர். ஆயினும் மாணவர்க்கும் கல்லூரிக்கும் இடையே நட்பான ஒருவர் நிற்றலே அவ் விதியின் பயன். பாடத் தேர்வுக்கு அங்கே பெரிதும் இடமில்லை.

பாடத் தேர்வு பெருகியது ஹார்வர்டில். சார்லஸ் வில்லியம் எலியட் 1869-ஆம் ஆண்டு முதல் 1909-ஆம் ஆண்டு வரை அப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வோராண்டாக நீக்கி, விருப்பப் பாடங்களைப் பெருக்கியது அவர் செயல். 1880-களின் நடுவில் முதலாண்டு மாணவரும் தாமே பாடம் தெரிந்துகொள்ளும் நிலை வந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் முதலாண்டின் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றே ஏறத்தாழக் கட்டாயமாக எஞ்சியது. பதினெட்டு வயதினர் ஒருவர் முன் பாடப்பட்டியல் முழுவதும் விரிந்து கிடந்தது. எதனை எடுப்பது? முன்னே எடுத்ததற்கும் பின்னே எடுப்பதற்கும் இயைபு யாது? இவ் வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பை ஹார்வர்டு 1880-களின் இறுதியில் முதலாண்டு மாணவர்க்கான அறிவுரையாளர் குழு ஒன்றனிடம் ஒப்படைத்தது. 1876-ஆம் ஆண்டில் கில்மன் என்பார் தலைமையில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலோ, தொடக்கக் காலத்திலேயே ஆசிரியர்கள் அறிவுரையாளராக அமர்த்தப்பெற்றனர். இவற்றால், தேர்வுரிமை பிறந்த இடத்திலேயே நெறியுரையும் பிறந்தது என்பது தெளிவாகும்.

நெறியுரைக்கு நினைவு வேண்டும். பத்து மாணவரை உடைய ஆசிரியர் அவர்தம் திறமும் தளர்ச்சியும் மனத்தில் வைத்திருப்பார். நூறு மாணவரை உடையவர்க்கு அஃது இயலாது. மனத்தில் இருந்தது தாளுக்கு வந்தது. அமெரிக்கக் கல்விப் பேரவை 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டை வடிவம் இவ் வரலாற்றில் ஒரு மைல்கல். நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ‘திரள் பதிவேடு’ என்று கற்பிக்கப்படுவதும் இவ் வகையினதே. ஆண்டுதோறும் பெற்ற மதிப்பெண், பொதுத்தேர்வுகளின் அளவு, உடல்நலம், ஈடுபாடுகள், ஒழுக்கம் பற்றிய குறிப்பு என அனைத்தும் ஓரட்டையில் அடங்கின. ஓராண்டின் நிலையை மட்டும் காணாது, வளர்ச்சியின் போக்கினைக் காணுதல் வேண்டும் என்பதே அதனை ஆக்கியோர் கருத்து. அக் கருத்து நல்லதே என்பதில் ஐயமில்லை.

1930-ஆம் ஆண்டில் முற்போக்குக் கல்விச் சங்கம் தொடங்கிய ‘எட்டாண்டு ஆய்வு’ இதனை மேலும் வளர்த்தது. ஏறத்தாழ முப்பது உயர்நிலைப் பள்ளிகள் அவ் ஆய்வில் பங்கு கொண்டன. கல்லூரி நுழைவுக்குரிய வழக்கமான பாடக் கட்டுப்பாடுகளிலிருந்து அவை விலக்குப் பெற்றிருந்தன. மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் ரால்ஃப் டைலர். எண்ணால் மட்டும் மாணவரை அளத்தல் ஆகாது என்று கண்ட அக்குழுவினர், சிந்தனைத் திறன், சமூக உணர்வு, கலைச்சுவை போன்றவற்றைச் சொற்களால் விவரிக்கும் படிவங்களை வகுத்தனர். 1942-இல் யூஜீன் ஸ்மித்தும் டைலரும் வெளியிட்ட தொகுதியில் அப் படிவங்கள் விளக்கம் பெற்றன. அவற்றின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் அவ்வளவு நுட்பமான படிவங்களையும் நிரப்பும் பணி ஆசிரியரதே. எவரைப் பற்றியதோ அவரே அதனைப் படிப்பதற்கு வழியில்லாத நிலையே அக்காலப் பதிவேடுகளின் பொதுநிலை. ‘சோம்பர்’, ‘அடங்காதவர்’ என ஒருவர் ஓராண்டில் எழுதிய சொல், அட்டையிலேயே இருந்து, அடுத்த ஆசிரியரின் கண்ணையும் முன்னதாகவே திருத்திவைத்தது.

இந்நிலைக்குச் சட்டத்தால் ஒரு முடிவு வந்தது. நியூயார்க் மாநிலச் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொணர்ந்த திருத்தத்தின் வழியாக 1974-ஆம் ஆண்டில் ‘குடும்பக் கல்வி உரிமையும் மறைபொருட் காப்பும்’ பற்றிய கூட்டரசுச் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு வயது நிறைந்தவரோ, உயர்கல்வி நிறுவனத்திற் பயில்பவரோ தம்மைப் பற்றிய பதிவினைத் தாமே காணலாம். தவறாயின் திருத்தக் கோரலாம். அவர் இசைவின்றி அதனைப் பிறர்க்குக் காட்டுதல் பொதுவாகக் கூடாது. இவ்வளவும் பலரும் அறிந்தது. இச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கூறும் உண்டு. திருத்தம் கோரி, நிறுவனம் விசாரித்து மறுத்துவிட்டால், மறுக்கப்பட்ட செய்தியைப் பற்றி மாணவர் தம் கருத்தினை எழுதி அப் பதிவிலேயே சேர்க்கலாம். பதிவு உள்ளவரை அவ் எழுத்தும் உடனிருத்தல் வேண்டும். பதிவின் அப்பகுதியை வெளியே காட்டும்போது அதனையும் சேர்த்தே காட்டல் வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் மாணவர் கை சட்டப்படி முதன்முதல் நுழைந்த இடம் இதுவே எனக் கருதுகின்றோம். அது மறுப்புரையாக நுழைந்தது. நூலுக்கு உரை எழுதும் உரிமை இன்றி, உரைக்கு மறுப்பு மட்டும் எழுதும் உரிமை பெற்றார்போல் என்க. ஆயினும் நுழைந்த கை பின்னர் வெளியேறவில்லை.

சட்டம் வருவதற்கு இரண்டாண்டு முன்னரே நெறியுரையின் பொருள் பற்றிய கருத்தும் மாறத் தொடங்கியிருந்தது. 1972-ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பர்ன்ஸ் குருக்ஸ்டன் எழுதியது ஒன்று. டெரி ஓபேனியன் எழுதியது மற்றொன்று. குருக்ஸ்டன் அதுவரை நிகழ்ந்த நெறியுரையை மருத்துவர் நோயாளிக்கு மருந்து குறித்தல் போன்றதெனக் காட்டி, அதனின் வேறாக மாணவரும் நெறியுரைஞரும் பொறுப்பினைப் பகிர்ந்துகொள்ளும் முறையினை முன்வைத்தார். அம்முறையில் நெறியுரையும் கற்பித்தலே ஆகும். ஓபேனியன் நெறியுரையை ஐந்து படிகளாக வகுத்தார்: வாழ்க்கை நோக்கு, தொழில் நோக்கு, படிப்பின் துறை, அத்துறைக்குள் பாடங்கள், இறுதியாக நேர அட்டவணை. பெரும்பாலான இடங்களில் நெறியுரை என்ற பெயரால் நிகழ்வது ஐந்தாம் படி ஒன்றே. ஏன்? முதலிரு படிகளைப் பற்றி அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. மாணவர் எத்தகைய வாழ்வை விழைகின்றார் என்பதை மதிப்பெண் பட்டியல் கூறாது. அவரே கூற வேண்டும். கூறுதற்கோர் ஏடு வேண்டும். ஓபேனியன் வகுத்த படிகளை அக்காலக் கல்லூரிகள் போற்றினவேயன்றிப் பின்பற்ற இயலாமைக்கு இவ் ஏடின்மையும் ஒரு காரணம் எனல் பொருந்தும்.

அவ் ஏடு நெறியுரைத் துறையிலிருந்து வரவில்லை என்பது நோக்கத்தக்கது. கட்டுரைப் பயிற்சி ஆசிரியரிடமிருந்தே அது வந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் 1980-களில் எழுத்துத்திறத் தேர்வினை நீக்கி, ஏட்டுத் தொகுதியை அதன் இடத்தில் வைத்தனர். 1986-இல் அதுபற்றி எழுதினர். ஒரு நாளில், ஓர் அறையில், முன்பின் அறியாத தலைப்பில் எழுதுவது எழுத்துத்திறத்தைக் காட்டாது என்பது அவர்கள் வாதம். மாணவர் பருவம் முழுதும் எழுதியவற்றுள் சிலவற்றைத் தெரிந்து, திருத்தி, அவை எவ்வாறு உருப்பெற்றன என்பதனையும் எழுதிச் சேர்த்தனர். தம் ஆசிரியரல்லாத பிறரும் படித்து முடிவு கூறினர். தம் எழுத்தைத் தாமே நோக்கி எழுதிய அச் சிறு குறிப்பே பிற்கால மின்னேட்டுத் தொகுதியின் உயிர்நிலை. அதனை நீக்கின் எஞ்சுவது பொருட்குவியலே.

மில்வாக்கி நகரத்து அல்வெர்னோ கல்லூரி இதற்கும் முந்தியது. பெண்களுக்கென நிறுவப்பட்ட சிறிய கத்தோலிக்கக் கல்லூரி அது. 1973-ஆம் ஆண்டில் மதிப்பெண் தரநிலைகளைக் கைவிட்டுத் திறன்களை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டத்திற்கு அது மாறிற்று. மாணவியர் மேடையில் பேசுவதனை ஒளிநாடாவிற் பதிந்து, அவர்களையே பார்க்கச் செய்து, தம் பேச்சின் நிறைகுறைகளைத் தாமே எழுதுமாறு பயிற்றினர். முதலாண்டில் பேசியதனையும் இறுதியாண்டில் பேசியதனையும் ஒருசேரக் காணும் மாணவிக்கு வேறொருவர் கூற வேண்டுவது யாது? 1990-களின் இறுதியில் அக் கல்லூரி நாடாக்களையும் தாள்களையும் இணையத்திற்கு மாற்றிக் ‘குறைநிறை காட்டும் எண்முறைத் தொகுதி’ என்னும் பொருள்படப் பெயரிட்டது. கணினி அங்கே ஒரு பழக்கத்தைப் படைக்கவில்லை; இருபத்தைந்தாண்டுப் பழக்கத்திற்கு இருப்பிடம் தந்தது. கருவியை முதலில் வாங்கிப் பழக்கத்தைப் பின்னர்த் தேடிய கல்லூரிகள் பல. அவற்றின் தொகுதிகள் வெற்றறைகளாகக் கிடந்தமை வியப்பன்று.

நிற்க. கருவியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். 1990-களில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் மாணவரும் நெறியுரைஞரும் பயன்படுத்தத்தக்க மின்னேட்டுத் தொகுதி ஒன்றினை ஆக்கியது. அதன் மூலநிரலை அடியாகக் கொண்டு 2003-ஆம் ஆண்டில் திறந்த மூல முயற்சியொன்று தொடங்கியது. நியூசிலாந்தில் நான்கு உயர்கல்வி நிறுவனங்கள் கூடி 2006-இல் ‘மஹாரா’ என்னும் மென்பொருளைத் தொடங்கின. மவோரி மொழியில் அச்சொல்லுக்கு எண்ணுதல், நினைத்தல் என்பது பொருள். பெயரிட்டோர் கருவியின் பயனை நன்கு உணர்ந்தவரே.

பிரித்தானியாவில் இக் கருத்து அரசின் கொள்கையாகவே வந்தது. சர் ரான் டியரிங் தலைமையில் அமைந்த குழு 1997-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. உயர்கல்வி நிறுவனங்கள் ‘முன்னேற்றக் கோப்பு’ ஒன்றனை உருவாக்குதல் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அக் கோப்பு இரு பகுதியினது: நிறுவனம் எழுதித் தரும் மதிப்பெண் பட்டியல் ஒன்று, மாணவர் தம் வளர்ச்சியைத் தாமே நோக்கி எழுதுதற்குரிய வழி மற்றொன்று. 2005–06 கல்வியாண்டிற்குள் இஃது எங்கும் நடைமுறைக்கு வருதல் வேண்டும் என்று காலமும் குறிக்கப்பட்டது. இரு கைகளும் ஒரே கோப்பில் இடம்பெற்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. இக் கட்டுரையாளர் அறிந்தவரை இவ்வளவு தெளிவான பிரிவு அமெரிக்க ஆவணங்களில் இல்லை. ஆயினும் முதற்பகுதிக்கு வேலை தருவோரும் பட்டப்படிப்பு நிறுவனங்களும் மதிப்புத் தந்தன. இரண்டாம் பகுதிக்கு மாணவரும் அவர்தம் நெறியுரைஞருமே மதிப்புத் தர வேண்டியிருந்தது. படிப்பாரற்ற ஏட்டினை எழுதுவார் யாவர்?

இவ் வினாவிற்குச் செயலால் விடை கூறியது நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள லகார்டியா சமுதாயக் கல்லூரி. 1971-ஆம் ஆண்டில் தொடங்கிய அக் கல்லூரியில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவரும் அவர்தம் மக்களும் பயில்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் பலர். 2000-களின் தொடக்கத்தில் அங்கே மின்னேட்டுத் தொகுதி அறிமுகமானது. பாடக் கட்டுரைகளோடு தாம் பிறந்த ஊர், வந்த வழி, பெற்றோர் செய்யும் தொழில் ஆகியவற்றையும் மாணவர் எழுதினர். மதிப்பெண் பட்டியலில் ‘ஆங்கிலத்தில் தாழ்ந்த தரம்’ என்று மட்டும் காணப்படும் ஒருவர், தம் ஏட்டில் மூன்று மொழி அறிந்தவராகவும், இரவில் உணவுவிடுதியில் உழைப்பவராகவும், தம் நாட்டில் செவிலியர் பயிற்சியைப் பாதியில் விட்டவராகவும் தோன்றக்கூடும். இவ்விரு காட்சிகளையும் காணும் நெறியுரைஞர் கூறும் சொல் வேறாகவே இருக்கும் அன்றோ? பின்னர் அக் கல்லூரி முதலாண்டுக் கருத்தரங்க வகுப்பினுள் இத் தொகுதியை வைத்து, பட்டம் முடிக்கும் திட்டத்தை மாணவர் அதிலேயே எழுதிவரச் செய்தது. இதனால் ஏட்டிற்குப் படிப்பார் கிடைத்தனர். பிரெட் ஐனன், லாரா கம்பினோ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட நூல் லகார்டியாவிலும் அதனோடு இணைந்த பிற கல்லூரிகளிலும் பெற்ற பட்டறிவினை விரித்துரைக்கும். அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழகச் சங்கம் 2008-இல் ஜார்ஜ் கூ என்பார் வாயிலாகப் பயன்மிக்க கல்வி நடைமுறைகள் எனப் பத்தினைக் குறித்திருந்தது. 2016-இல் பதினொன்றாவதாக மின்னேட்டுத் தொகுதியைச் சேர்த்தது.

புகழ் வந்தவிடத்துப் பழுதும் வந்தது. நிறுவனங்கள் தம் தரத்தை மெய்ப்பித்தல் வேண்டும் என்று ஏற்பளிப்புக் குழுக்கள் கேட்கத் தொடங்கியதும், மாணவர் ஏடு மெய்ப்புச் சான்றாகக் கையாளப்பட்டது. இன்ன திறனுக்கு இன்ன சான்று என்று கட்டமிட்டு நிரப்பச் செய்தனர். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இது மிகுதி. தொகுதி மாணவரின் கதையாக இருப்பதற்கும், நிறுவனத்தின் தேர்வாக இருப்பதற்கும் உள்ள முரணை ஹெலன் பாரெட் என்னும் அறிஞர் 2000-களில் பன்முறை எடுத்துக்காட்டினார். தேர்வென்று அறிந்தவுடன் மாணவர் தம் தளர்ச்சியை மறைத்து எழுதுவர். தளர்ச்சியைக் காட்டாத ஏட்டினால் நெறியுரைக்குப் பயன் யாது? எழுதும் கை மாணவருடையதாகவே இருந்தும், எழுதச் சொல்லும் வாய் அலுவலகத்ததாயிற்று.

இதனினும் பெரிய மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012-ஆம் ஆண்டில் ஒரு புதிய நெறியுரை முறையினை மேற்கொண்டது. முன்னர்ப் பயின்ற மாணவரின் மதிப்பெண்களைக் கணினியால் ஆராய்ந்து, எண்ணூறுக்கு மேற்பட்ட இடர்க்குறிகளைக் கண்டு, எந்த மாணவரிடத்து அக்குறி தோன்றினும் அன்றே நெறியுரைஞர்க்கு அறிவிக்கும் முறை அது. துறைக்கு அடிப்படையான பாடத்தில் தாழ்ந்த தரம், பட்டத்திற்கு வேண்டாத பாடத்தில் பதிவு போன்றவை அக்குறிகளுள் அடங்கும். நெறியுரைஞர் எண்ணிக்கையையும் பெருக்கினர். அங்கே ஆறாண்டுக்குள் பட்டம் பெறுவோர் 2003-இல் நூற்றுக்கு 32, 2014-இல் 54. கருப்பினத்தவர்க்கும் வறியோர்க்கும் பிறர்க்கும் இடையே பட்டம் பெறுவதில் இருந்த இடைவெளி மறைந்தது. இப் பயனை எளிதென எண்ணி ஒதுக்குதல் அறமாகாது. தவறான பாடத்தில் பதிவு செய்து ஓராண்டை இழக்கும் வறிய மாணவர்க்குத் தன் கதையை எழுதும் ஏட்டினும், அன்றே வரும் எச்சரிக்கை பெரிது.

ஆயினும் வரலாற்று நோக்கில் இது யாது? 1928-இன் அட்டை மீண்டு வந்தது என்பதே விடை. எழுதுபவர் ஆசிரியரல்லர், பொறி என்பது ஒன்றே வேற்றுமை. ஆசிரியர் எழுதிய சொல்லையேனும் மாணவர் 1974-க்குப் பின் கண்டு மறுக்க இயன்றது. முன்னவர் பலருடைய போக்கிலிருந்து கணிக்கப்படும் இடர்க்குறிக்கு மறுப்புரை எங்கே எழுதுவது? நெறியுரைஞர் முன் இன்று இரு பதிவுகள் உள்ளன. ஒன்று நொடியில் படிக்கத்தக்கது. மற்றொன்றைப் படிக்க அரைமணி நேரம் வேண்டும். அமெரிக்கத் தேசிய நெறியுரைச் சங்கம் 2011-இல் நடத்திய கணக்கெடுப்பில் முழுநேர நெறியுரைஞர் ஒருவர்க்கு மாணவர் 296 என்பது நடுத்தர அளவாகக் காணப்பட்டது. அவருள் ஒவ்வொருவர் ஏட்டையும் பருவத்திற்கு அரைமணி நேரம் படிப்பின் 148 மணி நேரம் ஆகும். பேசுதற்குரிய நேரம் இதனின் வேறு. இக் கணக்கே எது வெல்லும் என்பதைச் சொல்லிவிடும். மின்னேட்டுத் தொகுதி நெறியுரையில் வேரூன்றிய இடங்களெல்லாம் வகுப்பாசிரியரையே நெறியுரைஞராகவும் கொண்ட இடங்களாக இருத்தல் தற்செயலன்று.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் கைக்கு வந்த உரையாக்கப் பொறிகள் மற்றொரு சிக்கலைக் கொணர்ந்தன. தம்மைத் தாமே நோக்கி எழுதும் குறிப்பினையும் பொறி எழுதித் தரும். ஆனால் முதல் வரைவு, திருத்தம், மறுதிருத்தம் என நாளிட்டு வளரும் ஏட்டில் அப் பொய் நிற்பது அரிது. நெறியுரைஞர் நேரில் இரண்டு வினாக்கள் கேட்பின் ஒழியும். சிக்கல் பொறியிடத்தன்று, கேட்பாரின்மையிடத்தே என்பது எம் கருத்து, மாறுபடுவோரும் உளர்.

நம் நாட்டு நிலையை ஈண்டுத் தொட்டுச் செல்லலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் விருப்பத் தெரிவு மதிப்பலகு முறையினைப் பரவலாக்கியது. 2021-இல் ‘கல்வி மதிப்பலகு வங்கி’ விதிகளை வெளியிட்டது. எலியட் காலத்து ஹார்வர்டினைப் போன்றதொரு தெரிவுரிமை நம் மாணவர்க்கும் சிறிதளவு வந்துள்ளது. வங்கியில் சேர்வது அவர் ஈட்டிய மதிப்பலகு மட்டுமே. கணக்கு மாணவர் பெயரிலிருப்பினும் அது நிறுவனம் எழுதும் பதிவே. தேசிய மதிப்பீட்டுக் குழு ஆசிரியர்க்கு இத்தனை மாணவர் என வழிகாட்டி விகிதம் கேட்பதனால், கல்லூரிதோறும் வழிகாட்டிப் பதிவேடுகளும் உள்ளன. யானும் இருபது மாணவர்க்கு அத்தகைய பதிவேடு எழுதி வருபவனே. பெயர், பிரிவு, தந்தையார் தொழில், வருகை விழுக்காடு, அறிவுரை என ஐந்து கட்டங்கள். ஐந்தாம் கட்டத்தில் ‘நன்கு படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். பார்வைக் குழு வருவதற்கு முந்திய வாரம் ஒரே நாளில் இருபது ஏடுகளிலும் அதனை எழுதியதும் உண்டு. இதனை மறைப்பதிற் பயனில்லை.

ஒருமுறை, இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் மாணவி ஒருவரிடம் கட்டம் இல்லாத வெற்றுத்தாள் ஒன்றினைக் கொடுத்து, இப் பருவத்தில் எழுதிய ஒப்படைப்புகளுள் எதனை மீண்டும் எழுத விரும்புகின்றீர், ஏன் என்று எழுதுமாறு கேட்டேன். ஒன்றரைப் பக்கம் எழுதினார். நாட்டார் பாடல் பற்றிய ஒப்படைப்பினைத் தம் பாட்டியாரிடம் கேட்டு எழுதியிருக்கலாம், நூலகத்து நூலிலிருந்து பெயர்த்து எழுதிவிட்டேன், பாட்டியார்க்குத் தெரிந்தவை அந்நூலில் இல்லை என்பது அதன் சாரம். அவர் முதுகலையில் எத்துறையினைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதற்கு மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல் கூறாத விடை அத்தாளில் இருந்தது. அதனைச் சேர்த்து வைத்தற்கு எம் பதிவேட்டில் இடமில்லை.

இடம் உண்டாக்கினும் ஒரு வினா எஞ்சும். ஏட்டினை எழுதியவர் மாணவர். வைத்திருப்பது நிறுவனத்தின் கணினி. படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டால் ஏடு எங்கே போகும்? மஹாரா போன்ற மென்பொருள்களில் தொகுதி முழுவதனையும் ஒரு பொதுவடிவில் பெயர்த்து எடுத்துச் செல்லும் வழி உண்டு. பிரித்தானியர் வகுத்த ‘லீப்-டூ-ஏ’ என்னும் வடிவம் அதற்கென்றே ஆனது. வணிக நிறுவனங்களின் மென்பொருளை வாங்கும் கல்லூரிகள் உடன்படிக்கையில் இவ்வொரு விதியையேனும் கேட்டுப் பெறுதல் வேண்டும். சுமந்து செல்லுதற்குரிய இலை என்னும் பொருளில் தோன்றிய சொல்லுக்கு, மாணவர் கல்லூரி வாயிலைக் கடக்கும்போது உடன் எடுத்துச் செல்ல இயலாத ஒன்றனைப் பொருளாக்குதல் தகாது.